பொயிலர் கொதிக்கிறது, குழாயில் சூடில்லை: மலைநாட்டில் தவிர்க்க வேண்டிய பழுதுபார்ப்புத் தவறுகள்

பொயிலர் அளவுக்கு மீறிச் சூடேறி நின்றுவிட்டால், அது வழக்கத்தைவிட அதிக வெப்பத்தை உண்டாக்குகிறது என்று நினைப்பதுதான் முதல் தவறு. பர்னர் நேற்று எரிந்த அளவுக்குத்தான் இன்றும் எரிகிறது. உண்டான வெப்பத்துக்கு வெளியேற வழியில்லை. நுவரெலியாவில் ஒரு விடுதியின் பொயிலர் அறையில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்; அதே நேரத்தில் மேல்மாடியில் விருந்தினர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு அடியில் நடுங்கிக்கொண்டு நிற்பார். இந்த இரண்டு முறைப்பாடுகளும் ஒன்றாக வந்தால் இடையில் உள்ள வெப்பப் பரிமாற்றியைச் சந்தேகிக்கலாம். சந்தேகிக்கத்தான் சொன்னேன், உடனே ஸ்பானரை எடுக்கச் சொல்லவில்லை.

விடுதிகளில் அதிகம் காணப்படுவது தகட்டு வகைப் பரிமாற்றி. துருப்பிடிக்காத உருக்கினாலான மெல்லிய நெளிவுத் தகடுகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். ஓர் இடைவெளியில் பொயிலரின் சுடுநீர், அடுத்த இடைவெளியில் குளியலறைக்குப் போகும் தண்ணீர் என்று மாறி மாறி ஓடும். இரண்டும் கலப்பதில்லை, வெப்பம் மட்டும் தகட்டைக் கடக்கிறது. இடைவெளி சில மில்லிமீற்றர்தான். பருப்பளவு துருத்துண்டு ஒன்று போதும், ஒரு வழி அடைபட.

பொயிலர் நின்றதும் பலர் செய்வது ரீசெட் பொத்தானை அழுத்துவது. ஓடினால் நிம்மதி, நின்றால் மறுபடி அழுத்துவது. டீசல் பொயிலரில் பொதுவாக இரண்டு ரீசெட் பொத்தான்கள் உண்டு என்பதைக்கூடச் சிலர் கவனிப்பதில்லை. ஒன்று பர்னரில் இருப்பது. தீப்பற்றாவிட்டால் அது பூட்டிக்கொள்ளும். மற்றது உச்சவரம்பு வெப்பக் கட்டுப்படுத்தியில் இருப்பது. தண்ணீர் எல்லை மீறிச் சூடானால்தான் அது விழும், அதாவது பர்னரை நிறுத்திவிடும். எது விழுந்தது என்று பாருங்கள். முதலாவதைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் எரியாத டீசல் அறைக்குள் தேங்கி, அடுத்த முறை பற்றும்போது வெடிச்சத்தத்துடன் பற்றும். இரண்டாவதைத் திரும்பத் திரும்ப அழுத்துகிறவர், நோயை விட்டுவிட்டு வெப்பமானியை உடைக்கிறவர். அந்தக் கட்டுப்படுத்தியின் வயரை நேராக இணைத்துவிட்டு “இப்போது நிற்காமல் ஓடுகிறது” என்று பெருமைப்பட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் வேலை செய்த பொயிலர் அறைக்குள் நுழைய எனக்கு விருப்பமில்லை.

இந்த விஷயத்தில் மலைநாட்டுக்கு ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வளியமுக்கம் அங்கே 0.81 பார் அளவுதான். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். கூரைத் தாங்கியுடன் இணைந்த திறந்த அமைப்பில், தாங்கியின் நீர்மட்டம் பொயிலருக்கு மூன்று மீற்றர் மேலே இருந்தால் உள்ளே கொதிநிலை 102 பாகையை ஒட்டி நிற்கும். ஒரு மீற்றர்தான் இருந்தால் 97 பாகை. கொழும்பில் பழகிய ஒருவர் தெர்மோஸ்டாட்டை 90 பாகையில் வைத்துவிட்டுப் போனால், அங்கே தாராளமாக இருந்த இடைவெளி இங்கே சுருங்கிவிடுகிறது. ஓட்டம் கொஞ்சம் குறைந்தாலும் உலோகத்தை ஒட்டிய தண்ணீர் ஆவியாகத் தொடங்கும். பொயிலருக்குள் கேத்தல் இரையும் சத்தம் கேட்கும். உச்சவரம்புக் கட்டுப்படுத்தி விழுவதற்கு முன்பே தண்ணீர் கொதித்துவிடவும் கூடும். திறந்த அமைப்பில் 75 அல்லது 80 பாகைக்கு மேல் வைக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை.

சத்தம் கேட்டுப் பதறி, சூடேறிய பொயிலருக்குள் குளிர்ந்த தண்ணீரைத் திறந்துவிடுவதைப் போன்ற ஆபத்து வேறில்லை. வார்ப்பிரும்பு திடீர்க் குளிர்ச்சியில் வெடித்துப் பிளக்கும். தண்ணீர் வற்றிய உலோகத்தில் பட்ட நீர் ஆவியானால், ஒரு லீற்றர் ஆயிரத்து அறுநூறு லீற்றருக்கு மேல் விரியும். பர்னரை நிறுத்துங்கள், பம்பி ஓடுமானால் ஓட விடுங்கள், தானாக ஆறட்டும்.

ஆறிய பிறகு பரிமாற்றியைக் கழற்றத் துடிக்கும் கையை இன்னும் கொஞ்சம் அடக்க வேண்டும். ஓட்டம் நிற்பதற்கு அதைவிட மலிவான காரணங்கள் உண்டு. யாரோ பாதி மூடிவிட்டுப் போன வால்வு. பம்பிக்குள் சிக்கிய காற்று. சீசன் இல்லாத மாதங்களில் சும்மா கிடந்து அச்சு இறுகிப்போன பம்பி. பம்பிக்கு முன்னால் அழுக்கைப் பிடிக்கும் ஸ்ட்ரெய்னர் வலை. இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். பத்து நிமிடத்தில் திறந்து கழுவக்கூடிய வலையைப் பார்க்காமல் புதிய பரிமாற்றி வாங்கிய விடுதிக்காரர்கள் இருக்கிறார்கள்.

இவையெல்லாம் சரியென்றால் வெப்பநிலையைப் பாருங்கள். பரிமாற்றிக்குள் பொயிலர் நீர் நுழையும் குழாயிலும் அது வெளியேறும் குழாயிலும் வெப்பமானி வையுங்கள். வெந்நீர்க் குழாய்களைத் திறந்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். இல்லாவிட்டால் அளவுக்குப் பொருளில்லை. உள்ளே 80, வெளியே 60 பாகை என்ற அளவில் வித்தியாசம் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. உள்ளே கொதிக்கக் கொதிக்கப் போய், வெளியே கை வைக்கும் அளவுக்குக் குளிர்ந்து வந்தால் பொயிலர் பக்கத்து ஓட்டம் மெலிந்துவிட்டது. அடைப்பு அந்தப் பக்கம். உள்ளே 85, வெளியே 80 என்று வந்து, அறையிலும் சூடு போதவில்லையென்றால் தண்ணீர் ஓடுகிறது, வெப்பம் மட்டும் கடக்கவில்லை. தகட்டின் மேல் படிவு. குழாயில் வருவது நல்ல சூடாக இருந்து, நூல்போல ஒழுகினால் குளியலறைப் பக்க வழி அடைபட்டிருக்கிறது. இதைப் பார்க்காமல் கழுவத் தொடங்குகிறவர், பாதி நேரம் நல்ல பக்கத்தைக் கழுவிக்கொண்டிருப்பார்.

அடுத்தது அமிலம். இணையத்தில் எங்கே தேடினாலும் “சுண்ணாம்புப் படிவு, அமிலம் ஊற்று” என்றுதான் வருகிறது. கடின நீர் உள்ள நாடுகளுக்கு எழுதியவை அவை. இங்கே திகன, மாத்தளைப் பக்கம் டொலமைட் பாறை இருக்கும் இடங்களில் அந்த அறிவுரை பொருந்தும். நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்து ஓடைநீரிலும் பீலித் தண்ணீரிலும் சுண்ணாம்பு குறைவு. அந்த மென்னீர் வேறு விதமாகத் தொல்லை கொடுக்கிறது: இரும்புக் குழாயை அரித்துத் துருவாக்குகிறது, தென்மேற்குப் பருவமழையில் ஓடை கலங்கும்போது வண்டலைச் சுமந்து வருகிறது. வண்டலை எந்த அமிலமும் கரைக்காது.

அதனால் முதலில் அழுக்கைப் பாருங்கள். ஸ்ட்ரெய்னரில் இருந்து வழித்ததை ஒரு வெள்ளைத் தேநீர்க் கோப்பையில் போட்டுத் தண்ணீர் ஊற்றி, சற்று நேரம் அடங்க விடுங்கள். கோப்பையின் வெளிப்புறத்தில் ஒரு காந்தத்தை வைத்து மெதுவாக நகர்த்துங்கள். கறுப்புக் கசடு காந்தத்தின் பின்னாலேயே அடியில் ஊர்ந்து வந்தால் அது மக்னடைட், பொயிலர் சுற்றின் இரும்பு அரிந்து உண்டானது. செங்கபில நிறமாக இருந்து காந்தத்துக்கு அசையாவிட்டால் துருவும் மண்ணும். எங்கேயோ புதிய தண்ணீரும் காற்றும் தொடர்ந்து உள்ளே போகின்றன. விரலில் தேய்க்க நறநறவென்றால் மணல். வெண்மையான சிதறலில் ஒரு துளி வினாகிரி விட்டு நுரைத்தால்தான் சுண்ணாம்பு.

மண்ணுக்கும் கசடுக்கும் எதிர்த்திசையில் தண்ணீர் ஓட்டிக் கழுவுவதே முதல் மருந்து. வழக்கமாக வெளியேறும் வாயால் உள்ளே விட்டு, நுழையும் வாயால் வெளியேற்ற வேண்டும். தெளிவாக வரும்வரை பொறுமை வேண்டும். அதற்குப் பிறகும் ஒட்டியிருக்கும் துருவுக்கும் சுண்ணாம்புக்கும் லீற்றருக்கு 50 கிராம் அளவில் கரைத்த சித்திரிக் அமிலத்தை வெதுவெதுப்பாகச் சுற்றவிடலாம். தகடு உருக்குத்தானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். அலுமினியத்தாலான பரிமாற்றிக்கு உற்பத்தியாளர் சொன்ன திரவத்தைத் தவிர வேறெதுவும் ஆகாது. கழுவியபின் அப்பச்சோடாக் கரைசலால் அமிலத்தை முறித்து, நல்ல தண்ணீரால் அலச வேண்டும். ஹார்ட்வெயார் கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று ஐதரோகுளோரிக் அமிலத்தையோ கழிவறை கழுவும் திரவத்தையோ ஊற்றாதீர்கள். குளோரைட்டு துருப்பிடிக்காத உருக்கிலும் ஊசித்துளை போடும். அதன்பின் பொயிலரின் கசட்டுநீர் குளியலறைக் குழாயில் வரும். அமிலத்துடன் குளோரின் வெளிற்றி கலந்தால் நச்சுவாயு கிளம்பும். சன்னல்களை இறுக்கி மூடிய மலைநாட்டுப் பொயிலர் அறையில் அது விளையாட்டல்ல.

போல்ட்டுகளால் இறுக்கிய வகையைத் திறந்து கழுவலாம். பற்றவைத்த வகையைத் திறக்க முடியாது. திறப்பதற்கு முன் தகட்டுக் கட்டின் மொத்தத் தடிப்பை அளந்து குறித்துக்கொள்ளாதது பெருந்தவறு. மூடும்போது அதே அளவுக்கு, மூலைக்கு மூலை மாறி மாறி இறுக்க வேண்டும். “கைப்பலத்துக்கு இறுக்கினேன்” என்றால் தகடு நசுங்கும் அல்லது தகடுகளுக்கு இடையிலுள்ள ரப்பர் கேஸ்கட் கசியும். தகடுகளின் பக்கவாட்டில் பெயின்டால் குறுக்காக ஒரு கோடு இழுத்துவிட்டால் வரிசை மாறாது. கம்பித் தூரிகை வேண்டாம், நைலோன் போதும்.

விறகுப் பொயிலரில் இன்னொரு குழப்பம். புகைக்குழாய்களில் கரி அடைந்தால் தண்ணீர் அதிகம் சூடாகும் என்று சிலர் நினைக்கிறார்கள். நேர்மாறு: கரி வெப்பத்தைத் தடுப்பதால் தண்ணீர் மெதுவாகச் சூடாகிறது, வெப்பம் புகைபோக்கி வழியே வீணாகிறது. ஈர விறகு எரித்தால் கரியோடு தாரும் படியும். அடைபட்ட புகைபோக்கியால் கார்பன் மொனொக்சைட்டு அறைக்குள் திரும்பினால் ஆளையே கொல்லும். அதற்காகவாவது துப்புரவு செய்யுங்கள். தேயிலைத் தொழிற்சாலையின் காற்றுச் சூடாக்கியில் இதன் தண்டனை வேறு: கரி படிந்த குழாய் அரித்து ஓட்டையானால், புகை காற்றோடு கலந்து தேயிலையில் ஏறிவிடும். தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் ருசி பார்த்ததும் முகம் சுளிப்பார்.

விறகுப் பொயிலர் உண்மையில் கொதிப்பதற்குப் பல நேரங்களில் மின்வெட்டே காரணம். மின்சாரம் போனால் டீசல் பர்னர் தானாக நிற்கும், விறகு நிற்காது. பம்பி மட்டும் நிற்கும். பரிமாற்றியில் ஒரு குறையும் இருக்காது. சாம்பல் கதவையும் காற்றுவழியையும் மூடுவதே சரி. நெருப்பின் மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது. சிறிய பம்பிக்கு 100 வாட் அளவு மின்சாரம்கூடத் தேவைப்படாது. ஒரு சின்ன இன்வேட்டரும் பற்றரியும் வைத்தால் போதும். புதிய பொயிலரின் விலையோடு பார்த்தால் அது செலவே இல்லை.

பாதுகாப்பு வால்வு சொட்டுகிறது என்று அதன் வாயில் பிளக் அடிப்பவர்களிடம் சொல்ல ஒன்றுமில்லை, தயவுசெய்து விலகி நில்லுங்கள் என்பதைத் தவிர. மூடிய அமைப்பில் பொதுவாக 3 பாரில் திறக்க வேண்டியது அது. சொட்டினால், சூட்டில் பெருகும் தண்ணீருக்கு இடம் கொடுக்கும் விரிவுத் தாங்கியின் காற்று குறைந்திருக்கலாம், அல்லது வால்வின் இருக்கையில் அழுக்கு. நீராவிக் கொதிகலன் என்றால் கதையே வேறு: 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் அதற்கு முறையான பரிசோதனையைக் கேட்கிறது, நாமாகக் கை வைப்பதற்கு அங்கே இடமில்லை.

வேலை முடிந்ததும் காற்றை முழுதாக வெளியேற்றி, அடுத்த நாள் ஸ்ட்ரெய்னரை மறுபடி திறந்து பாருங்கள். கழுவும்போது கிளம்பிய அழுக்கு அங்கேதான் வந்து சேரும். பொயிலர் சுற்றுக்கு அடிக்கடி தண்ணீர் நிரப்ப வேண்டியிருந்தால் கசிவைத் தேடுங்கள். நிரப்பும் ஒவ்வொரு தடவையும் புதிய ஒட்சிசன் போய்ப் புதிய துருவை உண்டாக்குகிறது. கசிவை விட்டுவிட்டுப் பரிமாற்றியை மட்டும் கழுவினால் சில மாதங்களில் அதே அடைப்புத் திரும்பும். பொயிலருக்குத் திரும்பும் குழாயில் காந்த வடிகட்டி ஒன்று, தாங்கிக்கு வரும் ஓடைநீருக்கு வண்டல் படியும் தொட்டி ஒன்று. இரண்டையும் மார்ச் மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். ஏப்ரல் சீசனில் அறைகள் நிரம்பியபின் தண்ணீரை நிறுத்த எந்த மனேஜரும் சம்மதிக்க மாட்டார்.