குறுவள மையப் பயிற்சியில் சட்டத்தைக் கடைசியில் வையுங்கள்

திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு வட்டார வள மையத்தில், அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஆசிரியர் பயிற்றுநராக இருக்கிறேன். பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் பயிற்சிக்குக் கூடும் இடம்தான் குறுவள மையம். எந்தப் பிள்ளையையும் ஒதுக்காமல் ஒரே வகுப்பில் கற்பிக்கும் உள்ளடக்கிய கல்விக்குப் பயிற்சி நடத்தச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தால் வழக்கமாக என்ன நடக்கும்? புரொஜெக்டர் போடுவோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அதிலுள்ள 21 வகைக் குறைபாடுகள், தேநீர், கையெழுத்து. 21 வகையையும் எழுதிக்கொண்டு போனவர் திங்கட்கிழமை வகுப்பில் ஒன்றையும் மாற்றுவதில்லை. முதன்முறை கருத்தாளராக, அதாவது பயிற்சி நடத்துபவராக, போகிறவர்களுக்கு நான் நடத்தும் முறையைச் சொல்கிறேன்.

காலையில் ஆளுக்கொரு தாள் கொடுத்து, தன் வகுப்பை வரையச் சொல்லுங்கள். எந்த இடத்தில் யார் உட்கார்கிறார்கள், பெயரோடு. எழுதி முடித்ததும் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். போன வாரம் நீங்கள் கேள்வி கேட்ட பிள்ளைகள் யார் யார்? அவர்களுக்கு வட்டம். வகுப்பைப் பெருக்க, தண்ணீர் தூக்க யாரைக் கூப்பிட்டீர்கள்? அவர்களுக்குக் கீழே கோடு. பெயர் நினைவுக்கு வராமல் விட்ட இடம் எது? தாளை யாரிடமும் காட்ட வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். இதற்கு ஒரு மணி நேரம் ஆகும், அவசரப்படுத்தாதீர்கள்.

சாதி என்ற சொல்லை நீங்கள் எடுக்கவே வேண்டியதில்லை. வட்டங்கள் எந்தத் தெருப் பிள்ளைகளுக்கு, கோடுகள் எந்தத் தெருப் பிள்ளைகளுக்கு என்று அவரவர் தாளே சொல்லிவிடும். "நாங்க எல்லாப் பிள்ளைகளையும் ஒரே மாதிரிதான் பாக்கோம் மேடம்" என்று காலையில் சொன்னவர்களோடு வாதாட வேண்டாம். வாதாடினால் அன்று முழுக்க வாயைத் திறக்க மாட்டார்கள்.

இதற்குப் பிறகு இருக்கை பற்றிப் பேசலாம். மாணவர்களிடையே சாதி வன்முறையைத் தடுக்க வழி சொல்ல அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துரு குழு 2024 ஜூனில் அரசிடம் கொடுத்த அறிக்கை, பெயரின் அகரவரிசைப்படி உட்காரவைக்கச் சொல்கிறது. நல்ல யோசனை. ஆனால் பார்வை மங்கலான பிள்ளையும் காது சரியாகக் கேட்காத பிள்ளையும் எந்த வரிசை வந்தாலும் முன்னால்தான் இருக்க வேண்டும். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பாடம் சொல்லும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் பிள்ளைக்கு அந்த நேரமெல்லாம் வகுப்பே இல்லை. ஒரு ஆசிரியரைப் பலகைப் பக்கம் திரும்பி, குரலைத் தணித்துப் பேசச் சொல்லுங்கள். மற்றவர்கள் கேட்டதை எழுதட்டும். கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கும் விளையாட்டு மட்டும் வேண்டாம். அதில் பரிதாபம்தான் மிஞ்சுகிறது. அந்த நேரத்தில் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் உங்கள் ஒன்றியத்துச் சிறப்பாசிரியரையோ, அப்படியொரு பிள்ளையை வளர்க்கும் அம்மாவையோ பேசவையுங்கள்.

உதவித்தொகைக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். துப்புரவுப் பணி செய்வோரின் பிள்ளைகளுக்கு ஓர் உதவித்தொகை உண்டு. "யாரு வீட்டுல அந்த வேலை பாக்காங்க, கை தூக்குங்க" என்று வகுப்பில் கேட்டால், கை தூக்கிய பிள்ளை பள்ளி முடிக்கும்வரை அதைச் சுமக்கும். ஒருவரைப் பெற்றோராக நடிக்கவைத்து, விவரத்தை வீட்டாரிடம் தனியாகக் கேட்டு வாங்கப் பழக்குங்கள். தொடக்க வகுப்புகளில் அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்புகளிலும் கவனம் தேவை. அரும்பு, மொட்டு, மலர் என்பவை ஒரு பிள்ளை அந்த நேரத்தில் இருக்கும் கற்றல் நிலைகள் மட்டுமே. "ஏ அரும்பு, இங்க வா" என்று கூப்பிட ஆரம்பித்தால் அதுவே பட்டப்பெயராகிவிடும்.

பிற்பகலின் பெரும்பகுதியைப் புகார் வரும் நாளுக்குக் கொடுங்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவனையும் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியவர்கள் அதே பள்ளி மாணவர்கள். துன்புறுத்தலைப் பள்ளியில் சொன்ன பிறகுதான் அது நடந்தது. சந்துரு குழு அமைக்கப்பட்டதே அதனால்தான். எங்கள் மாவட்டத்து ஆசிரியர் ஒவ்வொருவரும் இதை மனதில் வைத்தே ஒரு பிள்ளையின் புகாரைக் காதில் வாங்க வேண்டும்.

ஆகவே ஒத்திகை பாருங்கள். ஒரு பிள்ளை அழுதுகொண்டே வந்து சொல்கிறது. இரண்டு தரப்பையும் ஒன்றாக நிறுத்தி விசாரிக்கக் கூடாது. சொன்னது யார் என்று வகுப்பில் தெரியக் கூடாது. தலைமையாசிரியருக்கு அன்றே எழுத்தில் போக வேண்டும். சொன்ன பிள்ளை அன்று வீட்டுக்கு யாரோடு போகும், எந்த வழியாகப் போகும்? இதைக் கேட்காமல் மணி அடிக்க விடாதீர்கள். அதன் பெற்றோரிடம் அன்றே பேசுங்கள். மிரட்டல் இருந்தால் காவல்துறைக்குச் சொல்லத் தயங்க வேண்டாம். 1098 (குழந்தைகள் உதவி எண்), 14417 (பள்ளிக் கல்வித் துறை உதவி எண்) இரண்டையும் எல்லாரும் அங்கேயே கைபேசியில் பதியட்டும். சாதி அடையாளமாகக் கையில் வண்ணக் கயிறு கட்டி வரும் பையனை வகுப்பு நடுவில் நிறுத்தி அறுக்காதீர்கள். அவமானப்பட்டவன் நாளைக்கு இன்னும் நாலு பேரோடு கட்டி வருவான். தனியே கூப்பிட்டு, யார் கட்டிவிட்டார்கள் என்பதிலிருந்து பேச்சைத் தொடங்கலாம்.

கடைசி அரைமணி சட்டத்துக்கு. அதிலும் ஆசிரியருக்கு உடனே பயன்படுவதை மட்டும் எடுங்கள்: கற்றல் குறைபாடுள்ள பிள்ளைக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு. இவற்றுக்கு வேண்டிய குறைபாட்டுச் சான்றிதழ் வாங்க நாளாகும். பத்தாம் வகுப்பில் தேடினால் கைகூடாது, எட்டாம் வகுப்பிலேயே மருத்துவ மதிப்பீட்டு முகாமுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

புறப்படுமுன் ஒவ்வொருவரும் தன் தாளில் ஒரே ஒரு மாற்றத்தை எழுதி எடுத்துப் போகட்டும். ஒரு மாதம் கழித்து அந்தப் பள்ளிகளுக்கு மதிய உணவு நேரத்தில் போங்கள். தலைமையாசிரியர் அறைக்குள் போகாமல், தட்டு வாங்கிப் பிள்ளைகளோடு தரையில் உட்காருங்கள். யார் பக்கத்தில் யார் உட்காருவதில்லை, சமைத்தவர் இன்னார் என்பதால் யார் தட்டு நீட்டுவதில்லை என்பது கண்ணில் படும். குறித்துக்கொண்டு, அந்த ஆசிரியரிடம் அன்று மாலையே தனியாகப் பேசுங்கள்.