பின்னால் ஓடாமல் சைக்கிள் பழக்குவது

முப்பத்தொரு வருஷம் பி.டி. வாத்தியாராக இருந்தவன் நான். திருவையாற்றுக்குப் பக்கத்தில், குடமுருட்டிக் கரையில் ஊர். எத்தனையோ பிள்ளைகளுக்கு சைக்கிள் பழக்கியிருக்கிறேன். கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவேன். "நேராப் பாரு, ஹேண்டில இறுக்கிப் புடி, மிதி, மிதி" என்று கத்துவேன். அவர்களும் எப்படியோ பழகிவிட்டார்கள். நான் கத்தியதால்தான் பழகினார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன சித்திரையில் என் தங்கை கேட்டாள். 44 வயது. பால் சொசைட்டிக்குத் தினமும் கேனைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாள். மகள் பிளஸ் ஒன் படித்தபோது அரசு கொடுத்த சைக்கிள் வீட்டில் சும்மா நிற்கிறது. இரண்டு நாள் பழைய மாதிரியே பின்னால் ஓடினேன். "அண்ணே, விட்டுடாதே, விட்டுடாதே" என்று அவள் அலற, எனக்கு மூச்சிரைக்க, மூன்றாம் நாள் அவளுக்கு முழங்காலில் சிராய்ப்பு. "எனக்கு வராதுண்ணே" என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம்தான் முறையை மாற்றினேன். பெரியவர்களுக்குப் பழக்குகிறவர்களுக்காக அதை எழுதிவைக்கிறேன்.

முதல் வேலை, பெடல் இரண்டையும் கழற்றுவது. 15-ம் நம்பர் ஸ்பேனர் போதும். வலது பெடல் வழக்கம்போல இடஞ்சுழியாகத் திருப்பினால் கழலும். இடது பெடலுக்கு மரை தலைகீழ், வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். இது தெரியாமல் மல்லுக்கட்டி மரையை மழுக்கியவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. சீட்டை நன்றாக இறக்கிவிடுங்கள். உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிய வேண்டும்.

ஏன் பெடல் வேண்டாம்? புதிதாகப் பழகுகிறவருக்குக் கவனம் ஓர் உழக்குதான். அதில் மிதிப்பது, திருப்புவது, விழாமலிருப்பது, அண்ணன் கத்துவதைக் கேட்பது என்று ஒரு மரக்கால் சாமானைப் போட்டால் வழியத்தான் செய்யும். சைக்கிளில் கடினமானது மிதிப்பது இல்லை, சாயாமல் போவது. அதை மட்டும் முதலில் பிரித்துக் கொடுக்க வேண்டும். இடப்பக்கம் சாய்ந்தால் ஹேண்டிலை இடப்பக்கமே கொஞ்சம் திருப்பினால்தான் வண்டி நிமிரும். பயந்தவர் கை எதிர்ப்பக்கம் இழுக்கும், விழுவார். இதை வாயால் விளக்கிப் பயனில்லை, நான் விளக்கிப் பார்த்துவிட்டேன். கால் தரையில் எட்டும் தைரியத்தில் உருண்டால், கை தானே கண்டுபிடிக்கும்.

இடம்தான் பாதி வாத்தியார். உளுந்து எடுத்த வயல் சித்திரையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், சக்கரம் சிக்கும். ஜூனில் மேட்டூர் திறக்கும்வரை ஆறு காய்ந்துதான் கிடக்கிறது, ஆனால் மணலில் வண்டி புதையும். எங்களுக்கு வாய்த்தது நெல் காயப்போடும் சிமெண்ட் களம். மழைத்தண்ணீர் வடிவதற்காக ஒரு பக்கம் லேசாகச் சரித்துப் போட்டிருப்பார்கள். அந்தச் சரிவு போதும். மேட்டில் உட்கார்ந்து, காலால் உந்தி உந்தி இறங்க வேண்டும். வேகம் கூடக்கூடக் காலைத் தூக்கிக்கொள்ள வேண்டும். அதற்கு முன்னால் பிரேக்கைப் பிடித்து நிறுத்தப் பழக்கிவிடுங்கள். நிறுத்தத் தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். சேலை வேண்டாம், செயினில் மாட்டும். என் தங்கை, மகளின் சுடிதாரைப் போட்டுக்கொண்டு, ஊர் எழுவதற்குள் அஞ்சரை மணிக்கே வந்துவிடுவாள்.

முதலில் கை இரண்டும் உலக்கை மாதிரி விறைத்திருக்கும். தளர்த்து, தளர்த்து என்று நச்சரிக்காதீர்கள். புதிய வேலையில் உடம்பு சில மூட்டுகளைப் பூட்டிவைத்துக்கொண்டுதான் தொடங்கும், பழகப் பழக ஒவ்வொன்றாக அவிழ்க்கும். உடம்பின் அசைவுகளை ஆராய்ந்த ரஷ்யாவின் நிக்கோலாய் பெர்ன்ஸ்டைன் இதை அந்தக் காலத்திலேயே எழுதியிருக்கிறார். உடம்பைப் பற்றிப் பேசாமல் வெளியே ஒன்றைக் காட்டுவது மேல். நான் களத்துக்கு அப்பால் நிற்கும் பனைமரத்தைக் காட்டினேன். "மரத்தைப் பார்த்துப் போ", அவ்வளவுதான் பேச்சு. கேப்ரியல் வுல்ஃப் என்ற ஆய்வாளர் 1998-ல் பனிச்சறுக்குப் பயிற்சிப் பலகையில் இதைச் சோதித்தார். பாதத்தைக் கவனி என்று சொல்லப்பட்டவர்களைவிட, பாதத்துக்குக் கீழே இருக்கும் சக்கரத்தைக் கவனி என்று சொல்லப்பட்டவர்கள் நன்றாகப் பழகினார்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்? முக்கால் மணி, மிஞ்சினால் ஒரு மணி. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஏன் தினம் ஒரு மணி நேரம் மட்டும் மெஷின் கொடுத்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். மெஷின் பற்றாக்குறை ஒரு காரணம், சரி. ஆனால் 1978-ல் வந்த ஓர் ஆய்வில் உளவியல் ஆய்வாளர்கள் ஆலன் பேடலியும் லாங்மனும் பிரிட்டிஷ் தபால்காரர்களுக்குத் தட்டச்சு பழக்கியபோது, தினம் ஒரு மணி பழகியவர்களுக்குத்தான் மொத்த மணிக்கணக்கு குறைவாகப் பிடித்தது. வேடிக்கை என்னவென்றால், நாள் இழுக்கிறது என்று அதிகம் சலித்துக்கொண்டவர்களும் அவர்களே. என் தங்கையும் சலித்துக்கொண்டாள். சாயங்காலமும் வரட்டுமா என்றாள், வேண்டாம் என்றேன். இன்னொன்று, பழகி முடிக்கும்போது எப்படி ஓட்டினார் என்பதைக் கணக்கில் எடுக்காதீர்கள். மறுநாள் காலை முதல்முறை ஏறும்போது பாருங்கள். தூங்கி எழுந்தும் மிஞ்சியிருப்பதுதான் கற்றது.

ஆறாம் நாள் களம் முழுக்கக் கால் தூக்கியே போனாள். பெடலை மாட்டினோம். பத்து நிமிஷத்தில் மிதித்துவிட்டாள், நான் தொடவே இல்லை.

அதற்குப் பிறகும் களத்திலேயே சுற்றவிடாதீர்கள். தார் ரோடு, கப்பி ரோடு, வாய்க்கால் மதகு ஏற்றம் என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். எட்டு வயதுப் பிள்ளைகளைச் சிறு பையை எறியவைத்து ஒரு சோதனை நடந்திருக்கிறது, அதுவும் 1978-தான். ஒரு கூட்டம் 3 அடியிலேயே எறிந்து பழகியது. இன்னொன்று 2 அடியிலும் 4 அடியிலும் மட்டும் பழகியது. கடைசியில் 3 அடியில் வைத்துப் பார்த்தால் இரண்டாவது கூட்டம் ஜெயித்தது. கோலி விளையாடி வளர்ந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

சீட்டை வாரத்துக்கு ஒரு விரற்கடை ஏற்றுங்கள். கேனைக் கேரியரில் கட்டுங்கள், ஹேண்டிலில் மாட்டினால் திருப்பும்போது ஒரு பக்கம் இழுக்கும். முதல் வாரம் காலிக் கேன், அடுத்த வாரம் பாதிக் கேன் தண்ணீர். பால் அதற்கப்புறம்.