குளியலறைத் துளை தண்ணீரைக் கக்குகிறதா? கம்பியை எடுக்குமுன் லொங்காங்கைப் பாருங்கள்

அடைமழை நேரத்தில் குளியலறைத் துளை 'களக் களக்'கென்று சத்தம் போட்டுக் கறுப்புத் தண்ணீரைக் கக்கினால், அடைப்பு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மலேசியாவின் தெலுக் இந்தான் மாதிரி தாழ்வான ஊர்களில் மழையும் பேராக் ஆற்றில் கடலேற்றமும் ஒரே நேரத்தில் வந்தால், லொங்காங் (வீட்டோரச் சாக்கடை) தண்ணீருக்குப் போக வழியிருக்காது. வந்த குழாயிலேயே திரும்பி வீட்டுக்குள் ஏறும். அதைக் கம்பியால் குத்தி ஒரு பயனும் இல்லை.

முதலில் மின்சாரம். மெயின் சுவிட்ச் பக்கம் தரை காய்ந்திருந்தால் மட்டும் அணையுங்கள். ஈரத்தில் நின்று தொட வேண்டாம்; மின்சார நிறுவனமான தெனாகா நேஷனலை 15454-இல் அழையுங்கள்.

அடுத்து, அடைப்பா எதிர்த்து வரும் தண்ணீரா என்று பிரித்தறிய வேண்டும். பழைய தோட்ட வீடுகள் பலவற்றில் குளியலறை, சமையலறைத் தண்ணீர் நேராக லொங்காங்கில் விழும். கழிவறை மட்டும் மலத்தொட்டிக்குப் போகும். லொங்காங் சுவரில் அந்தக் குழாயின் வாயைத் தேடுங்கள். வாய் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால் எதிர்த்து வருகிறது. வாய் வெளியே தெரிகிறது, உள்ளே மட்டும் தேங்கி நிற்கிறது என்றால் அடைப்பு. முற்றமே மூழ்கிவிட்டால் இந்தச் சோதனையை விட்டுவிடுங்கள். கலங்கல் தண்ணீரில் மேன்ஹோல் மூடி விலகியிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

எதிர்த்து வந்தால் துளையை அடைப்பதுதான் வழி. சல்லடையைக் கழற்றுங்கள். பழைய கைலி ஒன்றை இறுகச் சுருட்டி, நெகிழிப் பையில் போட்டுக் கட்டி, துளைக்குள் திணியுங்கள். நுனி கைக்கு எட்டும்படி வெளியே நிற்கட்டும், பிறகு இழுத்தெடுக்க வேண்டுமே. அதன் மேல் 10 லிட்டர் வாளி நிறையத் தண்ணீர் வையுங்கள். வெளித் தண்ணீர் உங்கள் தரையைவிட ஒரு அடி உயர்ந்தாலும் 4 அங்குலத் துளையில் மேல்நோக்கி வரும் விசை சுமார் இரண்டரைக் கிலோதான். வாளியின் எடை தாராளமாகப் போதும். கழிவறைக் கிண்ணத்துக்குக் கைலி சரிவராது. தடித்த பையில் பாதியளவு மணல் போட்டுக் கட்டி வையுங்கள். முழுக்க நிரப்பினால் பை விறைத்து, கிண்ணத்தின் வளைவில் பொருந்தாது.

ஒரு துளையை அடைத்தால் தண்ணீர் அடுத்த தாழ்வான துளையைத் தேடும். ஆகவே எல்லாத் தரைத் துளைகளையும் அடைத்தாக வேண்டும். அடைத்தபின் குளியல், துவையல், பாத்திரம் எதுவும் கூடாது. நீங்கள் ஊற்றும் தண்ணீருக்கும் போக வழியில்லை.

உண்மையிலேயே அடைப்பு என்றால், துண்டுகளை மரையால் பூட்டி நீட்டும் இணைப்புக் கம்பியை வலப்பக்கமாக மட்டுமே சுழற்றுங்கள். இடப்பக்கம் திருப்பினால் மரை கழன்று பாதிக் கம்பி குழாய்க்குள் தங்கிவிடும். அப்புறம் தரையை உடைக்க வேண்டியதுதான். காஸ்டிக் சோடா வேண்டவே வேண்டாம். தேங்கிய தண்ணீரில் அது சூடேறித் தெறிக்கும், அடுத்துக் கை வைப்பவர் தோலையும் அரிக்கும்.

தண்ணீர் வடிந்த அன்றே மலத்தொட்டியை உறிஞ்சச் சொல்லி லோரியைக் கூப்பிடாதீர்கள். மண் இன்னும் ஊறியிருக்கும்போது காலியான தொட்டி மேலே மிதந்து கிளம்பி, குழாயை முறித்துவிடும். மண் இறுகும்வரை பொறுங்கள்.

சுத்தம் செய்யும்போது ரப்பர் காலணியும் கையுறையும் கட்டாயம். எலிச் சிறுநீர்க் காய்ச்சல் சின்னக் கீறல் வழியாகவும் ஏறும். சேற்றைச் சோப்புத் தண்ணீரில் கழுவிய பிறகு, 20 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கப் பிளீச் கலந்து தரையில் ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். கழிவறை ஆசிட்டை இதோடு சேர்த்தால் நச்சுப் புகை கிளம்பும்.

அடுத்த மழைக்குள் லொங்காங்கில் விழும் குழாய் வாயில் ஒருவழித் தடுக்கு (தண்ணீரை வெளியே மட்டும் விடும் கீல் வைத்த தகடு) ஒன்று மாட்டிவிடுங்கள். ஹார்ட்வேர் கடையில் குழாயின் அளவைச் சொல்லிக் கேளுங்கள். கீல் மேல்பக்கம் இருக்க வேண்டும். தலைமயிரோ மிட்டாய்க் காகிதமோ ஒன்று சிக்கினாலும் தகடு முழுசாக மூடாது, அதனால் வாரம் ஒருமுறை விரலால் தூக்கிப் பாருங்கள்.