'பெரூஸ்': புரட்டிப் பார்ப்பதா, ஊன்றிப் படிப்பதா?

'ஃபார் யுவர் கைண்ட் பெரூசல்' என்ற வரி ஆங்கிலத்தில் அலுவலகக் கடிதம் எழுதுகிறவர்களுக்கு மனப்பாடம். அதன் வினைச்சொல்லான 'பெரூஸ்' தனியாக வரும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள்.

முக்கியமான தவறு பொருளில் நடக்கிறது. சும்மா ஒரு நோட்டம் விடுவதுதான் 'பெரூஸ்' என்று நினைத்துக்கொள்கிறோம். 'தங்கள் மேலான பார்வைக்கு' என்று தமிழில் எழுதிப் பழகியதும் இதற்கு ஒரு காரணம் என்பேன். சொல்லின் பிறப்பைப் பாருங்கள். 'யூஸ்' என்பதற்கு முன்னால் 'முழுக்க' என்று பொருள்படும் 'பெர்' என்ற லத்தீன் முன்னொட்டு நிற்கிறது. 15ஆம் நூற்றாண்டில் அதற்குப் பயன்படுத்தித் தீர்ப்பது என்று பொருள். 16ஆம் நூற்றாண்டு முதல் ஒன்றைக் கவனமாகப் படித்து முடிப்பதையும் ஆராய்வதையும் குறித்தது.

அப்படியானால் மேலோட்டமாகப் பார்ப்பது என்ற பொருள் தவறா? தவறென்று அடித்துச் சொல்ல முடியாது. மெரியம்-வெப்ஸ்டர் அகராதி இரண்டு பொருளையும் தருகிறது. சிக்கலே அதுதான். ஒப்பந்தத்தை 'பெரூஸ்' செய்துவிட்டேன் என்று நீங்கள் எழுதினால், எதிரில் இருப்பவர் ஒவ்வொரு ஷரத்தையும் படித்துவிட்டீர்கள் என்றே எடுத்துக்கொள்ளலாம். நாலு பக்கம் புரட்டியதோடு சரி என்றால் 'ஸ்கிம்' என்று எழுதுங்கள். வரிவரியாகப் படிக்க வேண்டிய ஆவணத்தை அனுப்பும்போது 'ரீட் கேர்ஃபுல்லி' என்று நேராகவே கேட்டுவிடுங்கள். குழப்பத்துக்கு இடமிருக்காது.

அப்புறம், 'பெரூஸ் த்ரூ தி ரிப்போர்ட்' என்று எழுதாதீர்கள். இந்த வினை செயப்படுபொருளை நேராக ஏற்கும்; 'பெரூஸ் தி ரிப்போர்ட்' போதும். பெயர்ச்சொல்லான 'பெரூசல்' என்பதை எழுதும்போது 'ஆர்' எழுத்துக்குப் பின் வர வேண்டிய 'யூ'வை, 'எஸ்' எழுத்துக்குப் பின்னால் தள்ளிவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. உச்சரிப்பில் அழுத்தம் 'ரூ' மேல் விழ வேண்டும். கடைசி ஒலி, ஆங்கில 'ரோஸ்' முடிவது போல அதிர்ந்து வரும்.

பேச்சில் இந்தச் சொல் வேண்டாம். காலையில் பேப்பர் படித்ததைச் சொல்ல 'ரீட்' இருக்கிறது.

கடைசியாக ஒன்று. கையெழுத்தோ அனுமதியோ வேண்டியிருக்கும்போது 'பெரூசல்' என்று மட்டும் எழுதி அனுப்பினால், படிக்கச் சொன்னதாகத்தான் ஆகும். கோப்புகளில் 'ஃபார் பெரூசல் அண்ட் ஆர்டர்ஸ்' என்று சேர்த்து எழுதுவது அதற்காகத்தான்.