நெஞ்செரிவுச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு பிள்ளையைப் பார்க்கிறது

என்ர மகனுக்கு நாலு வயசில துளைவழிச் சத்திரசிகிச்சை நடந்தது. இரைப்பையின்ர மேல்பக்கத்தை உணவுக்குழாயின்ர அடியைச் சுற்றி மடிச்சுத் தைப்பினம். அதால அமிலம் மேல ஏறாது. வயிற்றில சின்னச் சின்னத் துளைகள்தான்.

கிளிநொச்சி வீட்டுக்கு வந்தபிறகுதான் எங்கட வேலை. டொக்டர் சொன்ன நாள்வரை குழைசோறு, அரிசிக்கஞ்சி, மசிச்ச பூசணி. கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி, நிமிர்த்தி இருத்திக் குடுங்கோ. பாண் வேண்டாம்: தைச்ச இடம் வீங்கியிருக்கும், களியா அடைச்சுக்கொள்ளும். அம்மம்மா ஆசையில நீட்டினாலும் மறியுங்கோ. சோடாவும் கூடாது, ஏவறை லேசில வராது, காத்து வயிற்றிலயே நிக்கும்.

வயிறு உப்பி, சத்தி வராமல் ஓங்காளிச்சால் விடியும்வரை பார்த்திருக்காதேங்கோ. 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கோ, காசில்லை. கிளினிக் கொப்பியை மறக்காமல் எடுங்கோ.