சர்வர் இல்லாமல் ஒரு பேட்ச் வேலை: கிளவுட் ரன் ஜாப்ஸ் முதல் ஓட்டம்

இரவு இரண்டு மணிக்கு ஓடிப் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் ஒரு ஸ்கிரிப்ட். அதற்காக ஒரு விர்ச்சுவல் மெஷினை நாள் முழுக்க உயிரோடு வைத்திருந்து, மாதக் கடைசியில் பில்லைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவரா நீங்கள்? அப்படியென்றால் இந்தப் பதிவு உங்களுக்குத்தான்.

கூகுள் கிளவுடில் இதற்கு இருப்பது கிளவுட் ரன் ஜாப்ஸ். அமேசானில் ஃபார்கேட் மேல் ஓடும் பேட்ச், அஸூரில் கன்டெய்னர் ஆப்ஸ் ஜாப்ஸ் என்று மற்ற இடங்களிலும் இதே மாதிரி ஏற்பாடு உண்டு. நான் தினமும் புழங்குவது முதலாவதில் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

கிளவுட் ரன் சர்வீஸ் ஒரு போர்ட்டில் காத்திருந்து, ரிக்வெஸ்ட் வந்தால் பதில் சொல்லும். ஜாப் யாருக்காகவும் காத்திருக்காது. எழும், வேலையை முடிக்கும், போய்விடும். போர்ட்டும் வேண்டாம், வெப் ஃப்ரேம்வொர்க்கும் வேண்டாம்.

இங்கே மூன்று சொற்கள் அடிக்கடி வரும். எந்த இமேஜ் (உங்கள் ஸ்கிரிப்டும் அது ஓடத் தேவையான எல்லாமும் சேர்ந்த பொட்டலம்), எவ்வளவு மெமரி என்ற அமைப்புதான் ஜாப். அதை ஒருமுறை ஓட்டினால் அது ஒரு எக்ஸிகியூஷன். அதற்குள் ஒன்று முதல் 10,000 வரை டாஸ்க்குகள் இருக்கலாம். ஒவ்வொரு டாஸ்க்கும் ஒரு தனிக் கன்டெய்னர், அதாவது அந்த இமேஜின் ஓடும் பிரதி. பழகுவதற்கு ஓர் உதாரணம்: ஸ்டோரேஜ் பக்கெட்டில் (கிளவுடில் ஃபைல்களைப் போட்டுவைக்கும் இடம்) 12,000 படங்கள் கிடக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு தம்ப்நெயில், அதாவது குட்டிப் படம், உருவாக்க வேண்டும்.

படி 1: இமேஜைக் கட்டுங்கள்

இமேஜை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் டாக்கர்ஃபைல் சின்னதாகவே இருக்கும். பைத்தானின் ஸ்லிம் பேஸ் இமேஜ், தேவையான லைப்ரரிகள், உங்கள் ஸ்கிரிப்ட், அதை ஓட்டும் கட்டளை, அவ்வளவுதான். பைத்தானின் அன்பஃபர்டு என்விரான்மென்ட் வேரியபிளுக்கு மட்டும் மறக்காமல் 1 கொடுங்கள். இல்லையென்றால் நீங்கள் பிரிண்ட் செய்த வரிகள் பஃபரில் தங்கி, கன்டெய்னர் திடீரென்று செத்தால் கூடவே போய்விடும்.

ஆப்பிள் சிலிக்கான் சிப் உள்ள மேக்கில் பில்ட் செய்கிறீர்களா? அங்கே தானாக உருவாவது ஆர்ம் வகை சிப்புக்கான இமேஜ். கிளவுட் ரன் கேட்பதோ இன்டெல், ஏஎம்டி வகை சிப்புக்கான லினக்ஸ் ஏஎம்டி64. பில்ட் கட்டளையில் பிளாட்ஃபார்மைச் சொல்லாமல் விட்டால், மேகத்தில் ஏற்றிய பிறகு 'எக்ஸெக் ஃபார்மேட் எரர்' என்று ஒற்றை வரியில் விழுந்துவிடும். ஸ்கிரிப்டில் தவறைத் தேடி அரை நாள் வீணாகும்.

கட்டிய இமேஜை ஆர்ட்டிஃபேக்ட் ரெஜிஸ்ட்ரிக்கு (கூகுள் கிளவுடில் இமேஜ்களை வைக்கும் கிடங்கு) புஷ் செய்யுங்கள். 'லேட்டஸ்ட்' என்ற டேக் வேண்டாம். தேதியோ வெர்ஷன் எண்ணோ போட்டால், நேற்று ஓடியது எது, இன்று ஓடுவது எது என்று தெரியும்.

படி 2: ஜாப்பை உருவாக்குங்கள்

கன்சோலில் கிளவுட் ரன், அதில் ஜாப்ஸ். இமேஜைத் தேர்ந்தெடுத்து, பக்கெட் இருக்கும் ரீஜியனையே கொடுங்கள். டாஸ்க் எண்ணிக்கை இப்போதைக்கு 1.

டைம்அவுட் கைவைக்காமல் விட்டால் 10 நிமிடம், போதாவிட்டால் கூட்டிக்கொள்ளலாம். மெமரி 512 எம்ஐபி. இதில் ஒரு சூட்சுமம் உண்டு: கன்டெய்னருக்குள் நீங்கள் எழுதும் ஃபைல்களும் மெமரியில்தான் உட்காரும். படங்களை டெம்ப் ஃபோல்டரில் இறக்கிவிட்டு அழிக்காமல் போனால் மெமரி நிரம்பி, 137 என்ற எக்ஸிட் கோடோடு (புரோகிராம் வெளியேறும்போது விட்டுச்செல்லும் எண்) டாஸ்க் சாகும்.

ரீட்ரை, அதாவது டாஸ்க் தோற்றால் எத்தனை முறை மறுபடி ஓட்டுவது என்பது, 3 என்று இருக்கும். முதல் ஓட்டத்துக்கு அதை 0 ஆக்குங்கள். ஏன் என்பது அடுத்த படியில். ஜாப் எந்த அடையாளத்தில் ஓடுகிறதோ அந்த சர்வீஸ் அக்கவுண்டையும் தனியாக ஒன்று உருவாக்கி, அந்தப் பக்கெட்டுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். உருவாக்கியதும் எக்ஸிகியூட் பட்டனை அழுத்தினால் ஓட்டம் தொடங்கும். எக்ஸிகியூஷனைத் திறந்தால் லாக் அங்கேயே வந்து விழும்.

படி 3: எக்ஸிட் கோட்

ஸ்கிரிப்ட் 0 என்று வெளியேறினால் டாஸ்க் ஜெயித்தது, வேறு எந்த எண் என்றாலும் தோற்றது. கிளவுட் ரன்னுக்கு உங்கள் வேலையைப் பற்றி வேறெதுவும் தெரியாது.

இதை நான் கற்றுக்கொண்டது இரண்டு தவணையில். மின்னஞ்சல் அனுப்பும் ஜாப் ஒன்று எழுதினேன். பட்டியலின் கடைசிப் பக்கத்தில் ஒரு முகவரி கோணலாக இருந்ததால் ஸ்கிரிப்ட் விழுந்தது. ரீட்ரை 3 அல்லவா? முதல் ஆளிலிருந்து மறுபடி தொடங்கி, அதே இடத்தில் மறுபடி விழுந்து, எல்லோருக்கும் ஒரே கடிதம் நான்கு முறை போனது. பதறிப்போய் முழு ஸ்கிரிப்டையும் பைத்தானில் பிழையைப் பிடிக்கும் ட்ரை-எக்ஸெப்டுக்குள் போட்டு, பிழையை வெறுமனே பிரிண்ட் செய்ய வைத்தேன். அதன் பிறகு ஜாப் தினமும் பச்சை டிக்கோடு முடிந்தது. ஒரு கடிதம்கூடப் போகவில்லை என்பது ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

இப்போது எழுதும் விதம் வேறு. ஒவ்வோர் ஐட்டமும் முடிந்ததும் அதைக் குறித்துவைக்கிறேன். மறுபடி ஓடினால் குறித்ததைத் தாண்டிப் போகும். ஒரு ஐட்டம் தோற்றால் எண்ணிவைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போகும். கடைசியில் தோல்வி ஒன்றாவது இருந்தால் 1 என்று வெளியேறும். தம்ப்நெயிலுக்கு இது இன்னும் சுலபம்: அந்தப் பெயரில் ஏற்கெனவே ஃபைல் இருந்தால் விட்டுவிடுங்கள். இவ்வளவும் சரியாக வந்த பிறகு ரீட்ரையை மீண்டும் 3 ஆக்குங்கள்.

படி 4: வேலையைப் பங்கு போடுங்கள்

டாஸ்க்கை 40 ஆக்கினால் வேலை தானாகப் பிரிந்துவிடாது. 40 கன்டெய்னர்களும் அதே 12,000 படங்களை எடுத்துக்கொண்டு உட்காரும். பிரிப்பது உங்கள் பொறுப்பு. ஒவ்வொரு கன்டெய்னருக்கும் டாஸ்க் இண்டெக்ஸ், டாஸ்க் கவுண்ட் என்று இரண்டு என்விரான்மென்ட் வேரியபிள்கள் கிடைக்கும். இண்டெக்ஸ் 0 முதல் 39 வரை போகும்.

பெயர்ப் பட்டியலை வரிசைப்படுத்தி, ஒவ்வொரு பெயரின் வரிசை எண்ணையும் 40 ஆல் வகுங்கள். மீதி தன் இண்டெக்ஸ் என்றால் அது தன்னுடைய பங்கு. ஏழாம் இண்டெக்ஸுக்கு 7, 47, 87 என்று மொத்தம் 300 படங்கள். பட்டியலை முன்கூட்டியே ஒரு ஃபைலில் எழுதிவைத்து, எல்லா டாஸ்க்கும் அதையே படிக்கட்டும். நடுவில் புதுப்படம் ஒன்று நுழைந்தால் வரிசை நகர்ந்து, சில படங்கள் யாருக்கும் சேராமல் போகும்.

ஆயிரம் டாஸ்க் வைத்தால் இன்னும் வேகம்தானே என்று கை பரபரக்கும். ஒவ்வொரு டாஸ்க்குக்கும் குறைந்தது ஒரு நிமிடக் கட்டணம் உண்டு, இரண்டு நொடியில் முடிந்தாலும். டேட்டாபேஸைத் தொடும் வேலையாக இருந்தால் பேரலலிசத்தை (ஒரே நேரத்தில் எத்தனை டாஸ்க் ஓடலாம் என்ற வரம்பு) 5, 10 என்று கட்டிவையுங்கள். 40 கனெக்‌ஷன் ஒரே நேரத்தில் மோதினால் முதலில் மூச்சு திணறுவது டேட்டாபேஸ்.

படி 5: நேரம் குறியுங்கள்

குறித்த நேரத்தில் ஜாப்பை எழுப்பும் கிளவுட் ஷெட்யூலரில் '0 2 * * *' என்று கொடுத்தால் தினமும் இரவு 2 மணி. டைம்சோனைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஷெட்யூலர் பயன்படுத்தும் சர்வீஸ் அக்கவுண்டுக்கு ஜாப்பை ஓட்டும் அனுமதியான கிளவுட் ரன் இன்வோக்கர் ரோல் வேண்டும்.

நேற்றைய ஓட்டம் முடியாவிட்டாலும் ஷெட்யூலர் இன்றைய ஓட்டத்தைத் தொடங்கிவிடும், காத்திருக்காது. தேங்கி நிற்பதை எக்ஸிகியூஷன் பட்டியலில் போய் கேன்சல் செய்யலாம். ஷெட்யூலரில் தெரியும் 'சக்சஸ்' என்பதற்கும் ஜாப்பைத் தட்டி எழுப்பியாயிற்று என்று மட்டுமே அர்த்தம். உள்ளே என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது. அதனால் கிளவுட் மானிட்டரிங்கில், எக்ஸிகியூஷன் தோற்றால் உங்களுக்கு மெயில் வருகிற மாதிரி ஓர் அலர்ட் வையுங்கள். வைத்த கையோடு ஸ்கிரிப்டை வேண்டுமென்றே 1 என்று வெளியேற வைத்து, மெயில் வருகிறதா என்று பார்த்துவிட்டுத் தூங்கப் போங்கள்.