ஜேர்மன் ஜெனரல் ஒராள்ட போர்க்கால வாழ்க்கைய எழுதுறது எப்படி?

போன கிழம மருமகள் வரலாறு புரொஜெக்ட தூக்கிக்கொண்டு கல்லடிக்கு வந்தா, பதினெட்டுப் பக்கம், ரெண்டாம் உலகப் போர்ல நிண்ட பிரெட்ரிக் பவுலஸ் எண்ட ஜேர்மன் ஜெனரலப் பத்தி, எல்லாம் நெட்டில இரிந்து எடுத்தது, பதக்கம் பதக்கமா அடுக்கி இரிக்கி ஆனா அந்தாள் என்ன வேல பாத்தாரெண்டு ஒரு வரியும் இல்ல. நாங்க ரெண்டு பேரும் இரிந்து அத எப்படித் திருத்தினமெண்டு சொல்றன், வேற புள்ளயளுக்கும் உதவும்.

முதல்ல கொப்பிய படுக்க வச்சு அடிமட்டத்தால கோடு போட்டு அஞ்சு நிரல் பிரிங்க. திகதி, தரம், பதவி, மேலதிகாரி, இடம். தரமும் பதவியும் ஒண்டில்ல, தரம் தோள்ல குத்துறது, பதவி கையில இரிக்கிற வேல.

தரத்த எழுதக்குள்ள ஒரு பிழை எல்லாரும் விடுவாங்க. நம்மட நாட்டு ராணுவத்தில பிரிகேடியருக்கு மேலதான் மேஜர் ஜெனரல், ஆனா ஹிட்லர்ட ராணுவத்தில பிரிகேடியர் எண்ட தரமே இல்ல, ஜெனரல் வரிசையே மேஜர் ஜெனரல்ல இரிந்துதான் தொடங்குது. பவுலஸ் 1939ல அந்தப் படியிலதான் நிண்டவர்.

மறுகா பதவி நிரல மட்டும் மேல இரிந்து கீழ வாசிங்க, அப்பதான் கதை தெரியும். போலந்திலயும் பிரான்சிலயும் ரைஹெனாவ் எண்ட ஜெனரலுக்குக் கீழ சீஃப் ஒஃப் ஸ்டாஃப், அதாவது தளபதிக்குத் திட்டம் போட்டுக் குடுக்கிற அதிகாரி. 1940 செப்டெம்பர்ல ராணுவத் தலைமையகத்துக்குப் போய் சோவியத் படையெடுப்புக்குத் திட்டம் போட்ட ஆக்கள்ல ஒருத்தர். 1942 ஜனவரியில ஒரேயடியா 6வது ஆர்மிக்குத் தளபதி. அதுக்கு முந்தி ஒரு டிவிஷனோ, பல டிவிஷன் சேந்த கோரோ நடத்தினதே இல்ல, மேசையில இரிந்து வரைபடம் பாத்த மனிசன். இது தெரிஞ்சா சோவியத் நகரம் ஸ்டாலின்கிராட்டில வளைபட்டு நிக்கக்குள்ள ஏன் மேல இரிந்து ஓடர் வரும் வரைக்கும் காத்துக்கொண்டு இரிந்தாரெண்டு ஒள்ளுப்பம் விளங்கும், முழுசா இல்ல.

மேலதிகாரி நிரல் எதுக்கெண்டு "பாபி யார்" எண்ட பள்ளத்தாக்கில நடந்த படுகொலையப் பாத்தா விளங்கும். 1941 செப்டெம்பர் 29, 30ல கீவ் நகரத்துக்குப் பக்கத்தில 33,771 யூதர்கள ஜேர்மன்காரர் சுட்டுக் கொலை செஞ்சாங்க, அந்தப் பகுதி 6வது ஆர்மிட கையில, ஆனா அப்ப தளபதி ரைஹெனாவ். பவுலஸ்ட தலையில அத நேரா போடவும் ஏலா, அதே ஆர்மியப் பத்தி எழுதிப்போட்டு இத விடவும் ஏலா. மருமகள்ட பதினெட்டுப் பக்கத்தில இதுக்கு இடமே இல்லாமப் போயிற்று, அதுதான் எனக்குக் கோவம்.

இனி ஸ்டாலின்கிராட், இங்க நிண்டு எழுதுங்க. 1942 நவம்பர் 19ல சோவியத் படை பக்கவாட்டில ஜேர்மனிக்குத் துணையா இரிந்த ருமேனியப் படையள உடைச்சு, 23ஆம் திகதி பின்னால கைகோத்து 6வது ஆர்மிய வளைச்சிட்டு. உள்ளுக்கு ரெண்டரை லட்சம் பேர் அளவில. ஒரு நாளைக்குக் குறைஞ்சது 300 டன் சாமான் வேணும், பிளேன்ல சராசரியா வந்து விழுந்தது 100 டன் மட்டுலதான். இந்த ரெண்டு கணக்கையும் பக்கத்துப் பக்கத்தில எழுதினா போதும், பட்டினியப் பத்தி வசனம் எழுதத் தேவல்ல.

கடைசி மூண்டு திகதியையும் மாத்திப் போடாதீங்க. 1943 ஜனவரி 30, ஹிட்லர் அவர பீல்ட் மார்ஷல் ஆக்கினது, ராணுவத்தில ஆக மேல இரிக்கிற தரம் அது. 31, பெரிய கடைக் கட்டிடம் ஒண்டுட நிலவறையில பிடிபட்டது. பெப்ரவரி 2, வடக்குப் பக்கம் நிண்ட மிச்சப் படையும் சரணடைஞ்சது.

"ஏன் மாமா, தோக்கிற ஆளுக்குப் பரிசா?" எண்டு கேட்டா.

பரிசில்ல புள்ள, அதுவரைக்கும் ஜேர்மன் பீல்ட் மார்ஷல் ஒராளும் உயிரோட பிடிபட்டதில்ல, தன்னத்தானே சுட்டுக்கொள்ளெண்டு ஹிட்லர் சொன்ன விதம் அது. இவர் சுடல்ல. பிடிபட்ட 91,000 பேர் அளவில ஊர் திரும்பினது ஏறக்குறைய 6,000 பேர்.

31ஆம் திகதியோட நிப்பாட்டாதீங்க, அட்டவணையில இன்னும் வரி இரிக்கி. 1944ல ஹிட்லருக்கு எதிராப் பேசத் தொடங்கினது, 1946ல நியூரம்பர்க்கில நாசித் தலைவர்மார்ட வழக்கில சாட்சி சொன்னது, 1953ல விடுதலையாகி கிழக்கு ஜேர்மனி நகரம் டிரெஸ்டனுக்குப் போனது, 1957ல செத்தது.

பிரிண்ட் எடுக்க முந்தி பெயர ஒருக்கா பாருங்க. நிறைய இடத்தில "வொன் பவுலஸ்" எண்டு போட்டிரிக்கும். அந்த "வொன்" பிரபு குடும்பத்துக்காரருக்கு, இவர் சாதாரண உத்தியோகக்காரர்ட மகன். மருமகள்ட கொப்பியில பதினொரு இடத்தில வெட்டினம்.